அடி சிறுத்துக்கொண்டே போனால் ஏற்றம் நின்றுவிடுமா?

பண்ணைக்காட்டிலிருந்து பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்று, அதோடு 1/2, அதோடு 1/3, அதோடு 1/4 என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கிடைத்த விடையை வரிசையாக எழுதியிருக்கிறார்: 1, 1.5, 1.833, 2.083… கணினியில் ஆயிரம் எண்கள் வரை ஓட்டியதில் 7.485 வந்திருக்கிறது. அந்த இடத்தில் இந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ‘ஒருங்குகிறது’, அதாவது ஏதோ ஓர் எண்ணை நெருங்கி அடங்குகிறது, என்று தேர்வில் எழுதிவிட்டார். ஆசிரியர் சுழித்து பூஜ்யம் போட்டுவிட்டார். “எத்தனை உறுப்பு வரை பார்த்திருந்தால் சரியாகச் சொல்லியிருக்கலாம்?” என்பது அவருடைய கேள்வி.

எத்தனை என்பதற்குப் பதில் சின்னது: எத்தனை பார்த்தாலும் போதாது. ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கிப் போகிறதென்றால், தொடர்முறை எங்காவது ஓரிடத்தில் போய் அடங்கத்தானே வேண்டும்? அடங்காது என்றால் எப்படி? இதுதான் மனதுக்குள் உறுத்துவது. முப்பது வருஷம் திண்டுக்கல் பக்கம் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, இப்போது பெருமாள்மலையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் பாதிப் பேராவது இதே இடத்தில் சறுக்குவார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன், வேறொரு விதத்தில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1, 1/2, 1/3, 1/4 என்று எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது தொடர்முறை. அவற்றைக் கூட்டினால் அது தொடர். தொடரின் கதி என்ன என்று பார்ப்பதற்கு, இதுவரை கூட்டியது எவ்வளவு என்ற விடைகளை வரிசையாக வைக்கிறோம். அந்த வரிசையும் ஒரு தொடர்முறைதான். ஆக உங்கள் கையில் இரண்டு தொடர்முறைகள் இருக்கின்றன. 1, 1/2, 1/3… என்பது பூஜ்யத்தில் ஒருங்குகிறது, அதில் சந்தேகமே இல்லை. 1, 1.5, 1.833… என்பது வேறு ஆள். முதலாமவரின் நல்ல பெயரை இரண்டாமவருக்குக் கொடுத்ததுதான் நடந்த தவறு.

ஒருங்குவது என்றால் என்ன? ஓர் எண்ணைச் சொல்கிறேன், இதுதான் எல்லை என்று. நீங்கள் அதைச் சுற்றி இருபக்கமும் ஒரு பட்டை போடுகிறீர்கள். அகலம் உங்கள் இஷ்டம்: நூறில் ஒன்று, கோடியில் ஒன்று, எவ்வளவு ஒடுக்கமாக வேண்டுமானாலும் இருக்கலாம். தொடர்முறையில் ஏதோ ஓர் உறுப்புக்கு அப்புறம் வருகிற எல்லா உறுப்புகளும் அந்தப் பட்டைக்குள் இருக்கின்றன என்று நான் காட்ட வேண்டும். பட்டையை எவ்வளவு சுருக்கினாலும் என்னால் காட்ட முடிந்தால் ஒருங்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘எல்லா’. முதல் ஆயிரம் உறுப்புகள் எப்படி இருந்தன என்பதைப் பற்றி இந்த வரையறை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முதல் கோடி உறுப்புகளைத் தூக்கி எறிந்தாலும் பதில் மாறாது. கணினியோ அந்த முதல் பகுதியை மட்டும்தான் காட்டும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 1/3, 1/4 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 1/4-க்குக் குறையவில்லை, ஆகவே கூட்டினால் 1/2-க்கு மேல். அடுத்த நான்கு: 1/5, 1/6, 1/7, 1/8. ஒவ்வொன்றும் குறைந்தது 1/8. கூட்டினால் மறுபடியும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டு, அதற்கடுத்த பதினாறு, முப்பத்திரண்டு என்று கட்டுக் கட்டாக எடுத்தால், ஒவ்வொரு கட்டும் அரைக்குமேல் ஒன்றைக் கொண்டுவந்து போடுகிறது. கட்டுகளுக்கு முடிவில்லை. எனவே நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் கூட்டுத்தொகை ஒருநாள் அதைத் தாண்டும். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோல் ஒரேம் என்பவர் சொன்ன நிரூபணம் இது. ஆறேழு நூற்றாண்டாகியும் இதைவிட எளிமையாக ஒன்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ஏற்றத்தின் வேகத்தைப் பாருங்கள், உங்கள் கண் ஏமாந்ததில் தப்பே இல்லை. பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினால் 14.39 வருகிறது. 20-ஐத் தாண்ட 27 கோடியே 24 லட்சத்து 600 உறுப்புகள் வேண்டும். 100-ஐத் தாண்ட வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கையே 44 இலக்கம் கொண்டது. கணினியில் ஏழெட்டு இலக்கத் துல்லியம் மட்டும் உள்ள எண்களை வைத்து இதை ஓட்டினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். இருபது லட்சத்துச் சொச்சம் உறுப்புகளுக்கு அப்புறம் கூட்டுத்தொகை 15.4 அருகே அப்படியே நின்றுவிடும். சேர்க்கப்போகிற எண் அவ்வளவு பொடி என்பதால், இயந்திரம் அதைச் சேர்த்தும் சேர்க்காததுமாக விட்டுவிடுகிறது. இரவு முழுக்க ஓடவிட்டாலும் அதே 15.4 தான். விரியும் தொடர், அதாவது ஒருங்காத தொடர், என்று நிரூபணம் இருக்கும்போதே, இயந்திரம் ‘ஒருங்கிவிட்டது’ என்று சத்தியம் செய்யும்.

வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு ஏறி வருகிறீர்கள் என்று வையுங்கள். சாலை ஏறுவது குறைந்துகொண்டே வருகிறது, ஒவ்வொரு கிலோமீட்டரும் முந்தையதைவிடக் கொஞ்சம் சமமாக இருக்கிறது. இறக்கம் எங்கும் கிடையாது. இது மட்டும் தெரிந்தால், சாலை ஓர் உயரத்தை நெருங்கி அடங்கிவிடும் என்று சொல்ல முடியுமா? முடியாது, அதைத்தான் மேலே பார்த்தோம். சொல்வதற்கு இன்னொரு தகவல் வேண்டும்: மலைக்கு உச்சி உண்டு என்பது. பழனி மலைத்தொடரில் 2,600 மீட்டரைத் தாண்டிய சிகரம் இல்லை. இறங்காமலே ஏறுகிற சாலை, 2,600-ஐத் தாண்டவும் முடியாது என்றால், அது ஏதோ ஓர் உயரத்தை நெருங்கித்தான் ஆக வேண்டும். அந்த உயரம் 2,600 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கொடைக்கானல் போல 2,100 சொச்சத்திலேயே அடங்கிவிடலாம். ஏறுமுகமாகவே இருந்து, மேலே ஒரு கூரையும் இருந்தால் தொடர்முறை ஒருங்கும் என்கிற தேற்றம் இதுதான். என் அனுபவத்தில் முதலாண்டுக் கணக்குகளில் பாதியை இது ஒன்றே முடித்துவைக்கும்.

கூரையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. 1, 1/4, 1/9, 1/16 என்று வர்க்கங்களின் தலைகீழ்களைக் கூட்டிப் பாருங்கள். பார்வைக்கு உங்கள் தொடரின் தம்பி மாதிரியே இருக்கும். ஆயிரம் உறுப்புக்கு 1.6439. இதற்குக் கூரை உண்டா? 1/4 என்பது 1/(1×2)-ஐவிடச் சிறியது. 1/9 என்பது 1/(2×3)-ஐவிடச் சிறியது. 1/16 என்பது 1/(3×4)-ஐவிடச் சிறியது. 1/(2×3) என்பதை 1/2 கழித்தல் 1/3 என்று எழுதலாம், 1/(3×4) என்பதை 1/3 கழித்தல் 1/4 என்று எழுதலாம். கூட்டினால் நடுவில் உள்ளதெல்லாம் ஒன்றோடொன்று அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 1-க்குக் கீழே. முதல் உறுப்பான 1-ஐயும் சேர்த்தால், மொத்தம் 2-ஐத் தாண்டவே தாண்டாது. கூரை கிடைத்துவிட்டது, ஆகவே ஒருங்குகிறது, கணக்கு முடிந்தது. ஆனால் எந்த எண்ணில் என்று இந்த வழி சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இத்தாலியின் மெங்கோலி 1650-இல் எழுப்பினார். ஆய்லர் 1734-இல் பதில் கண்டார். பையின் (π) வர்க்கத்தை ஆறால் வகுத்தால் வருவது, 1.6449… ‘ஒருங்குகிறதா’ என்பதும் ‘எதில் ஒருங்குகிறது’ என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவது இரண்டு நிமிட வேலை, இரண்டாவதற்கு எண்பத்து நான்கு வருஷம் ஆனது.

அடி சிறுப்பது போதாது என்றால், எவ்வளவு வேகமாகச் சிறுக்க வேண்டும்? இங்கே ஒரு டம்ளர் வரக்காப்பி உதவும். காப்பி 80 டிகிரி, டிசம்பர் மாதத்து வராந்தா 15 டிகிரி. வித்தியாசம் 65. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வித்தியாசம் ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 52, 41.6, 33.28… காப்பி இறங்கும் அடிகள் 13, 10.4, 8.32 என்று சிறுக்கின்றன. ஒவ்வோர் அடியும் முந்தையதில் ஐந்தில் நான்கு பங்கு. இப்படி நிலையான ஒரு விகிதத்தில் சிறுத்தால், அந்த விகிதம் ஒன்றைவிடக் குறைவு என்றால், எல்லா அடிகளையும் சேர்த்தாலும் ஓர் அளவைத் தாண்டாது. இங்கே மொத்தம் சரியாக 65. உங்கள் தொடரில் விகிதம் என்ன? ஆயிரமாவது அடிக்கும் ஆயிரத்தொன்றாவது அடிக்கும் உள்ள விகிதம் 1000/1001. அதுவும் ஒன்றுக்குக் குறைவுதான், ஆனால் ஒன்றை நோக்கியே ஏறிக்கொண்டிருக்கிறது. ‘விகிதம் ஒன்றுக்குக் குறைவு, எனவே ஒருங்கும்’ என்று எழுதுகிறவர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். 0.8 போல, 0.99 போல, ஒன்றுக்குக் கீழே ஏதாவது ஒரு நிலையான எண்ணைத் தாண்டாமல் இருக்க வேண்டும். விகிதம் ஒன்றையே நெருங்கினால் இந்தச் சோதனை வாய் திறக்காது. 1/2, 1/3, 1/4… கூட்டலுக்கும் 1/4, 1/9, 1/16… கூட்டலுக்கும் விகிதம் ஒன்றைத்தான் நெருங்குகிறது. ஒன்று விரிகிறது, மற்றது ஒருங்குகிறது.

கையில் கால்குலேட்டர் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ரேடியனில் வைத்து, ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு, காஸ் (cos) பொத்தானை விடாமல் தட்டுங்கள். நாற்பது ஐம்பது தட்டலில் 0.739085 என்று நின்றுவிடும். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று தாவித் தாவித்தான் வரும்; கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் பிழை ஏறக்குறைய 0.67 மடங்காகக் குறைகிறது. அதாவது காப்பி ஆறுகிற அதே கதை. (டிகிரியில் வைத்திருந்தால் நான்கு தட்டலுக்குள் 0.99985-இல் உட்கார்ந்துவிடும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கும் தனக்கும் வேறு வேறு விடை வருகிறதென்று சண்டை போட்டாள். காரணம் அந்த ஒரு பொத்தான்.)

மேலும் கீழும் தாவுவதைச் சொன்னேன் அல்லவா, உங்கள் உள்ளுணர்வு அப்படியே பலிக்கிற இடம் அங்கே இருக்கிறது. ஒரு அடி முன்னே, அதைவிடச் சிறிய அடி பின்னே, அதைவிடச் சிறியது முன்னே என்று மாறி மாறி வந்து, அடியின் அளவும் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கினால், ஒருங்கியே தீரும். ஒவ்வோர் அடியும் நம்மை இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைக்கிறது, சுவர்கள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவர் பேரில் வழங்குகிற தொடர் இந்த வகை: 1 கழித்தல் 1/3 கூட்டல் 1/5 கழித்தல் 1/7… இதை நான்கால் பெருக்கினால் பை. ஒருங்குகிறது, ஆனால் நத்தை வேகம். ஆயிரம் உறுப்புக்கு 3.1405926 தான் வருகிறது. மூன்றாவது தசம இடமே தப்பு. மாதவரின் வழிவந்தவர்கள் அத்தோடு விடவில்லை. நின்ற இடத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அவற்றில் மிக எளிய திருத்தம் இங்கே ஆயிரத்தில் ஒன்று, சேர்த்தால் 3.1415926538. ஒன்பது தசம இடங்கள் சரியாகிவிடுகின்றன. எனக்கு இந்த ஒரு கூட்டலைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் சிலிர்க்கும்.

நான் சறுக்கிய கதைக்கு வருகிறேன். முந்தைய உறுப்பை வைத்து அடுத்த உறுப்பைக் கட்டுகிற தொடர்முறைகள் உண்டு. முந்தையதோடு 2-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடு என்பது போல: 1.414, 1.848, 1.962, 1.990, 1.998… எல்லை ஒன்று இருக்கிறது என்று வைத்து, அதற்கு ‘ல’ என்று பெயரிட்டால், ல என்பது ‘ல கூட்டல் 2’-இன் வர்க்கமூலம். தீர்த்தால் 2. பிரமாதமான வழி. பட்டப்படிப்புத் தேர்வில் வேறொரு தொடர்முறை வந்தது: முந்தையதை இரட்டித்து 1 கூட்டு, 1-இல் தொடங்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு அதே வழியில் போனேன். ல என்பது 2ல கூட்டல் 1, எனவே ல என்பது கழித்தல் 1, ஒருங்குகிறது. விடைத்தாளின் ஓரத்தில் திருத்தியவர் 1, 3, 7, 15, 31 என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. எல்லை இருக்கிறது என்று முதலில் நிறுவாமல், அது எவ்வளவு என்று தீர்க்கக் கூடாது. வர்க்கமூலத் தொடர்முறையில்கூட, அது ஏறிக்கொண்டே இருக்கிறது, 2-ஐத் தாண்டாது என்ற இரண்டையும் காட்டிய பிறகுதான் 2 என்ற விடைக்கு மரியாதை.

விரிதல் என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். டைவர்ஜ் என்பதைத் தமிழில் விரிதல் என்று வைத்ததால், எண்கள் பெருத்துக்கொண்டே போக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். குறிஞ்சி பூத்த வருஷத்துக்கு 1, பூக்காத வருஷத்துக்கு 0 என்று எழுதுங்கள். நம் மலையில் 2006-இல் ஒன்று, 2018-இல் ஒன்று, நடுவில் பதினொரு பூஜ்யங்கள். பன்னிரண்டு வருஷக் கணக்கு தப்பாமல் முடிவின்றி ஓடுகிறது என்று வைத்தால், இந்தத் தொடர்முறை 1-ஐத் தாண்டுவதே இல்லை, ஆனாலும் ஒருங்காது. எவ்வளவு தூரம் போனாலும் இன்னொரு 1 வரும், அதை அடுத்து 0 வரும். அரை அகலப் பட்டைக்குள் இரண்டையும் அடைக்க முடியாது. சில புத்தகங்கள் இதற்கு அலைவுறுதல் என்று தனிப்பெயர் தருகின்றன, சிலவற்றில் ஒருங்காதது எல்லாமே விரிவதுதான். உங்கள் பாடப்புத்தகம் எந்தக் கட்சி என்று பார்த்து எழுதுங்கள். ஒருங்கவில்லை என்று காட்ட எளிய வழியும் இதிலேயே இருக்கிறது: உள்ளிருந்து இரண்டு கிளைகளைப் பிரித்தெடுத்து, இரண்டும் வெவ்வேறு எண்களுக்குப் போவதைக் காட்டினால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிரூபணம் உள்ளவை, சந்தேகத்துக்கு இடமில்லை. எந்தச் சோதனையை முதலில் எடுப்பது என்பது அப்படியல்ல, அது வெறும் கைப்பழக்கம். நான் முதலில் பார்ப்பது, கூட்டுகிற உறுப்பு பூஜ்யத்துக்குப் போகிறதா என்று. போகாவிட்டால் அங்கேயே விரிகிறது என்று எழுதி முடித்துவிடலாம். 2ⁿ போன்ற அடுக்குகளோ n! போன்ற தொடர்பெருக்கமோ இருந்தால் விகிதம். வெறும் அடுக்குமூலம், வர்க்கம் என்று இருந்தால் தெரிந்த தொடரோடு ஒப்பீடு. கூட்டுவது 1-ஐ எண்ணின் ஏதோ ஓர் அடுக்கால் வகுத்தது என்றால், அடுக்கு ஒன்றைத் தாண்டினால் ஒருங்கும், ஒன்றோ அதற்குக் குறைவோ ஆனால் விரியும். உங்கள் தொடர் சரியாக அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. வேறு ஆசிரியர் வேறு வரிசை சொல்வார், அதுவும் சரிதான். எந்தத் தொடர்முறையைக் கொடுத்தாலும் ஒருங்குமா விரியுமா என்று தப்பாமல் சொல்லும் ஒரே நிரலை எழுதவே முடியாது என்பது நிரூபணமான விஷயம். ஆகவே மனப்பாடத்துக்கு ஒரு பட்டியல் கேட்காதீர்கள்.

யாருக்குமே பதில் தெரியாத ஒன்றையும் காட்டிவிடுகிறேன். ஓர் எண்ணின் கனத்தை, அதே எண்ணின் (ரேடியனில்) சைன் மதிப்பின் வர்க்கத்தால் பெருக்கி, தலைகீழாக்குங்கள். ஒன்றிலிருந்து வரிசையாக எல்லா எண்களுக்கும் இப்படிச் செய்து கூட்டுங்கள். பிளின்ட் ஹில்ஸ் தொடர் என்று பெயர். அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள ஒரு மலைப் பகுதியின் பெயர் அது, நமக்குப் பொருத்தம்தான். இருபத்திரண்டாவது உறுப்பில் கொஞ்சம் குதித்துவிட்டு, அப்புறம் அமைதியாகி, 354 உறுப்புகள் வரை 4.8-இலேயே நிற்கும். நீங்கள் முன்னூறில் நிறுத்தியிருந்தால் ‘ஒருங்குகிறது, 4.8’ என்று எழுதியிருப்பீர்கள். 355-ஆவது உறுப்பு மட்டும் தனியாக 24.6. கூட்டுத்தொகை ஒரே தாவலில் 29.4 ஆகிவிடும். காரணம், 355-ஐ 113-ஆல் வகுத்தால் பைக்கு மிக மிக அருகில் வருகிறது. ஆகவே 355-இன் சைன் கிட்டத்தட்ட பூஜ்யம், அது கீழே உட்கார்ந்து உறுப்பை ஊதிப் பெருக்குகிறது. இதுபோல இன்னும் எத்தனை தாவல்கள், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தூரத்தில் காத்திருக்கின்றன என்பது பையைப் பின்னங்களால் எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க முடியும் என்பதைப் பொறுத்தது. அந்த அளவுக்குப் பையைப் பற்றி இன்னும் நமக்குத் தெரியாது. ஆகவே இந்தத் தொடர் ஒருங்குகிறதா விரிகிறதா என்று இன்றுவரை எவரும் நிரூபித்ததில்லை.

தேர்வில் போன மதிப்பெண்ணைத் திருப்பித் தர என்னால் ஆகாது. ஆனால் நீங்கள் ஓட்டிவைத்த ஆயிரம் எண்கள் வீணில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் அந்தந்த உறுப்பு எண்ணின் இயல் மடக்கையை (ln) கழியுங்கள். ஆயிரமாவது இடத்தில் 7.4855-இலிருந்து 6.9078 போக, 0.5777. பத்து லட்சமாவது இடத்தில் 0.5772. இந்தப் புதிய தொடர்முறை இறங்கிக்கொண்டே வருகிறது, பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை. இந்த இரண்டையும், 1/x என்ற வளைவரையின் அடியில் உள்ள பரப்பை வைத்து, நாலு வரியில் காட்டிவிடலாம். காட்டி முடித்ததும் மேலே எழுதிய கூரைத் தேற்றத்தைத் தலைகீழாகப் பிடித்து, தரையாக்கிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.